ஒற்றை அறை வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், தடிமன் வந்தால்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், மாளிகாவத்தைப் பக்கத்துத் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் பத்துக்குப் பத்தடி அறையில் ஐந்தாறு பேர் படுப்பது வழமை. நோயாளிக்குத் தனி அறை கொடுங்கள் என்ற அறிவுரை அங்கே எடுபடாது. ஆனால் அறைக்குள் காற்று எந்தப் பக்கம் போகிறது, யாருடைய தலை எங்கே இருக்கிறது என்பதை மாற்றலாம். முதல் இரவே மாற்ற வேண்டும்.

இன்புளுவென்சா என்ற வைரஸ் காய்ச்சல் தொற்றியவர், காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய 1 நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்குகிறார். பிறகு 5 முதல் 7 நாள் வரை பரப்புவார். கடுமையாகப் பரப்புவது முதல் 3, 4 நாட்களில். குழந்தைகளிடம் இது இன்னும் நீளும். ஹொங்கொங் குடும்பங்களில் செய்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், அறிகுறி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் கைகழுவலையும் மாஸ்க்கையும் தொடங்கிய வீடுகளில் தொற்று குறைந்தது. பகலில் வேலை, பள்ளிக்கூடம் என்று ஆளாளுக்குக் கலைந்துவிடுகிறார்கள். இரவில்தான் எட்டு மணி நேரம் எல்லோருக்கும் ஒரே காற்று.

படுக்கப் போகும் நேரத்தில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, பாயின் உயரத்தில் அறையின் நான்கு மூலைகளிலும் பிடித்துப் பாருங்கள். புகை இழுபட்டுப் போகும் பக்கமே காற்று வெளியேறும் வழி. நோயாளியின் தலை அந்தப் பக்கம் இருக்கட்டும். மற்றவர்கள் தலையை எதிர்ப்பக்கம் வைத்துப் படுங்கள். கைக்குழந்தையும் வயதானவர்களும் காற்று உள்ளே வரும் பக்கத்தில், நோயாளிக்கு ஆகத் தூரத்தில் படுக்க வேண்டும். பகலில் பார்த்ததை நம்ப வேண்டாம், கடற்காற்று இரவில் திசை மாறும். பார்த்து முடிந்ததும் பத்தியை அணைத்துவிடுங்கள், இருமுகிறவருக்குப் புகை ஆகாது.

புகை அசையாமல் தொங்கி நின்றால் அறை அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் மழைச்சாரலுக்காக அட்டையும் துணியும் திணித்திருப்பார்கள். சாரல் அடிக்காத பக்கத்திலாவது அதை எடுங்கள். இலங்கையில் இன்புளுவென்சா கூடும் ஏப்ரல் - ஜூன், நவம்பர் - ஜனவரி மாதங்களில்தான் மழைக்குப் பயந்து யன்னலையும் அடைக்கிறோம். நுளம்புக்காக அடைப்பதை விட வலை கட்டுவது நல்லது. நுளம்புத்திரிப் புகை இருமலைக் கூட்டும். இரவில் கதவைத் திறந்து வைக்க முடியாதென்றால், படுக்கும் முன்பும் எழுந்தவுடனும் 15 நிமிடம் முழுதாகத் திறந்து வையுங்கள்.

மேசை ஃபேனை அறைக்குள் சுழல விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நோயாளியின் மூச்சு எல்லோர் முகத்துக்கும் போகிறது. அவர் பக்கத்து யன்னலிலிருந்து ஓர் அடி உள்ளே, முகம் வெளியே பார்க்க ஃபேனை வைத்து, சுழற்சியை நிறுத்துங்கள். அது பக்கத்து வீட்டு யன்னலுக்கு நேரே ஊதினால் வேறு திறப்பைப் பாருங்கள்.

மாஸ்க் முதலில் நோயாளிக்கே. பராமரிப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். அவரும் அருகில் போகும்போது அணிய வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மாஸ்க் போடவே கூடாது. தாய்க்கு நோய் என்றாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கை கழுவி, மாஸ்க் அணிந்து கொடுங்கள், கொஞ்சி முத்தமிடுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

கைகழுவ ஒவ்வொரு தடவையும் பொதுப் பைப்புக்குப் போக முடியாது. 1.5 லீற்றர் போத்தலின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, சுட்ட ஆணியால் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். நீர் நிரப்பி மூடியை இறுக்கினால் ஓட்டம் நிற்கும், தளர்த்தினால் ஓடும். துளை பெரிதானாலோ மெல்லிய போத்தல் நசுங்கினாலோ ஒழுகும், அப்போது வேறு போத்தலில் செய்யுங்கள். ஈரக்கையில் சவர்க்காரம் போட்டு 20 விநாடி தேய்க்கும்போது மூடி இறுகியே இருக்கட்டும். சிக்கனமாகத் திறந்தால் ஒரு போத்தல் 6, 7 தடவைக்குக் காணும். கீழே வைத்த வாளியை நாள்தோறும் கொட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

நோயாளிக்கெனத் துவாய் ஒன்றும் கோப்பை ஒன்றும் போதும். துடைக்க எடுக்கும் குளோரின் கரைசலைக் கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் வாயு சிறிய அறையில் ஆளையே சாய்க்கும்.

கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவும் மனதில் இருக்க வேண்டும். பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். ஐபுபுரோபன், அஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்த அணுக்களை எண்ணும் எஃப்.பி.சி. பரிசோதனை செய்யுங்கள்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு உள்ளிழுபட்டால், உதடு நீலித்தால், பால் குடிக்க மறுத்தால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒழுங்கைக்குள் வாகனம் வராதென்றால் ஒருவரை வீதி முனையில் நிறுத்துங்கள்.