வட்டார மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கருவி வாங்க நிதி திரட்டுவது எப்படி? முதல் தடவை இறங்குபவர்களுக்கு

மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார், ஆனால் பரிசோதனைக்கு வேண்டிய மெஷின் இல்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். போக வசதி இருப்பவர் போகிறார், மற்றவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். பயணச் செலவுக்கும் கூட வருவதற்கு ஒரு ஆளுக்கும் வழியில்லாமலேயே எத்தனையோ பேர் பார்வையை விட்டுக்கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது, அதில் குறைந்தது 100 கோடிப் பேரின் பாதிப்பு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சிகிச்சை கிடைக்காமல் இருப்பது. அந்த இடைவெளியில் ஒரு சிறு பகுதியை உங்களைப் போன்ற நாலைந்து பேர் சேர்ந்து அடைக்க முடியும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பணம் கேட்கும் முன் கண் பிரிவில் போய்க் கேளுங்கள்

ஆர்வத்தில் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கோ ஒரு நவீன மெஷினைப் பார்த்துவிட்டு, "இதை வாங்கிக் கொடுப்போம்" என்று கிளம்பிவிடுவது. அங்கே அதை இயக்க ஆள் இருக்காது, வைக்க அறை இருக்காது, கடைசியில் உறை போட்டு மூலையில் நிற்கும். மருத்துவக் கருவி நன்கொடைக்காக உலக சுகாதார நிறுவனம் 2000-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. பெறுபவருக்கு முழுப் பயன் கிடைக்க வேண்டும், அவருடைய விருப்பத்தையும் அதிகாரத்தையும் மதிக்க வேண்டும், நமக்கு ஒரு தரம் அவர்களுக்கு ஒரு தரம் என்று இருக்கக் கூடாது, இரு தரப்பும் நன்றாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நாலுமே முதல் சந்திப்பிலேயே வேலைக்கு வரும்.

மருத்துவமனைத் தலைவரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கண் மருத்துவர், பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், அறுவை அரங்கில் நிற்கும் செவிலியர், கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர், நாலு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் பதில்கள் வித்தியாசப்படும். எந்தப் பரிசோதனைக்காக அதிகம் பேரை வெளியே அனுப்புகிறீர்கள்? இப்போது இருக்கும் கருவிகளில் எவை ஓடவில்லை, ஏன்? புதிய கருவி வந்தால் யார் இயக்குவார், அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தது யார்?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடவே கூடாது. பல்பு போனதாலோ, ஒரு சர்க்யூட் போர்டு பழுதானதாலோ நல்ல கருவி ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யும் செலவு புதிதாக வாங்குவதில் ஒரு சிறு பங்குதான் வரும் என்றால் உங்கள் முதல் திட்டம் அதுவாகவே இருக்கட்டும். பெயர்ப்பலகை மாட்ட முடியாதுதான், ஆனாலும் நோயாளிக்கு உடனே பயன்.

படி 2: எந்தக் கருவி எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் மருத்துவராக வேண்டியதில்லை. ஆனால் நன்கொடையாளர் "இது எதற்கு?" என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லத் தெரிய வேண்டும்.

அடிப்படையான கருவி ஸ்லிட் லேம்ப். மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணில் பாய்ச்சி நுண்ணோக்கி வழியாகப் பார்ப்பது. கருவிழிப் புண், கண்புரை, உள் அழற்சி எல்லாம் இதில் தெரியும். கூடவே 90 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) கை லென்ஸ் ஒன்று இருந்தால் மருத்துவர் விழித்திரையையே பார்த்துவிடுவார், அப்ளனேஷன் டோனோமீட்டர் பொருத்தினால் கண் அழுத்தத்தையும் அளந்துவிடுவார். ஒரே மேசையில் இத்தனை வேலை. கண் பிரிவில் ஸ்லிட் லேம்ப் பழசாகவோ பற்றாக்குறையாகவோ இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதிலிருந்து தொடங்குங்கள் என்பது என் கருத்து.

கண் அழுத்தத்தை அளப்பது ஏன் முக்கியம்? பார்வை நரம்பைப் பாதிக்கும் க்ளாக்கோமா நோய் பெரும்பாலும் வலி இல்லாமல் வரும், ஓரப் பார்வையை முதலில் அரிக்கும், போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். சாதாரண அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு. ஆனால் அழுத்தம் அதற்குள் இருந்தும் நோய் வருபவர்கள் உண்டு, அதனால் பார்வைப் பரப்பையும் பார்வை நரம்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

சர்க்கரை நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனை என்றால் ஃபண்டஸ் கேமராவைப் பற்றிக் கேளுங்கள். விழித்திரையைப் படமெடுக்கும் கருவி இது, பயிற்சி பெற்ற பணியாளரே எடுத்துவிடலாம், தொலைவில் இருக்கும் நிபுணர் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது என்பதால்தான் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறார்கள். ஓசிடி (OCT) என்ற ஸ்கேன் கருவி அடுத்த படி. 1991-இல் அறிமுகமான தொழில்நுட்பம், ஒளியை வைத்தே விழித்திரையின் அடுக்குகளைச் சில மைக்ரான் துல்லியத்தில் காட்டும், கண்ணைத் தொடுவதும் இல்லை. அருமையான கருவிதான், ஆனால் அதில் தெரியும் பிரச்சினைக்குச் சிகிச்சை தர அங்கே ஏற்பாடு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கண்புரை அறுவை நடக்கும் இடம் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஃபேகோ மெஷின் என்றதும் எல்லோருக்கும் ஆசை. சார்லஸ் கெல்மன் 1967-இல் கொண்டுவந்த முறை, ஒலியலையால் புரையை உடைத்து மிகச் சிறிய கீறல் வழியாக உறிஞ்சி எடுப்பது. ஆனால் ஒவ்வொரு அறுவைக்கும் ட்யூப், டிப், கேசட் என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். ஃபேகோ மெஷின் இல்லாமலே, தையலும் இல்லாமல், சிறு கீறலில் கையால் புரையை எடுக்கும் முறையிலும் நல்ல பார்வை கிடைக்கிறது. அதற்கு முதலில் வேண்டியது நல்ல அறுவை நுண்ணோக்கி, அறுவைக் கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் நம்பகமான ஆட்டோகிளேவ், அப்புறம் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேனும் கருவிழியின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டரும். கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மி.மீ. பிழை வந்தால் லென்ஸ் பவர் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை தவறிப்போகும். அறுவை கச்சிதமாக முடிந்தும் நோயாளிக்குப் பார்வை தெளியாமல் போக இது போதும். வெளியே தெரியாத இந்தச் சின்னக் கருவிகளுக்குத்தான் நன்கொடை கிடைப்பது கஷ்டம், அதனாலேயே உங்கள் முயற்சி அங்கே அதிகம் தேவைப்படலாம்.

குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவு அங்கே இருந்தால் மருத்துவர் தலையில் மாட்டிக்கொண்டு விழித்திரையைப் பார்க்கும் இன்டைரக்ட் ஆப்தல்மாஸ்கோப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிறந்த சில வாரங்களுக்குள் அந்தக் குழந்தைகளின் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். சிகிச்சைக்கான காலம் மிகக் குறுகியது.

படி 3: விலையோடு நிற்காமல் முழுச் செலவையும் எழுதுங்கள்

கொட்டேஷனில் இருக்கும் எண்ணை அப்படியே இலக்காக வைத்துவிடாதீர்கள். பெட்டி வந்து இறங்குவதற்கும் முதல் நோயாளி அதன் முன் உட்காருவதற்கும் நடுவில் நிறையச் செலவு ஒளிந்திருக்கிறது: வரி, இறக்குமதி என்றால் சுங்கம், போக்குவரத்து, காப்பீடு, பொருத்துதல், பணியாளர் பயிற்சி, மின்சாரம் ஏறி இறங்கும் இடமென்றால் யுபிஎஸ், படங்களைச் சேமிக்கக் கணினி, அறையை இருட்டாக்கத் திரை.

அதற்குப் பிறகு பராமரிப்பு. வாரண்டி முடிந்ததும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஆள் வந்து பார்ப்பது மட்டும், உதிரிபாகத்துக்குத் தனிப் பணம். இன்னொன்றில் உதிரிபாகமும் அடக்கம். எது என்று எழுத்தில் வாங்குங்கள். வாரண்டிக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டுப் பராமரிப்பையாவது இலக்கிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். மெஷினுக்கு உற்சாகமாகப் பணம் தருகிறவர்கள், நாலு வருடம் கழித்து அதன் பழுதுக்குத் தரமாட்டார்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட விற்பனையாளர்களிடம் கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் சர்வீஸ் இன்ஜினியர் இருக்கிறாரா, கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார், உதிரிபாகம் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விலை குறைவாக இருந்து சர்வீஸுக்கு ஆள் இல்லாத மாடலைவிட, விலை கொஞ்சம் கூடி ஆள் பக்கத்தில் இருப்பது மேல். பழைய மெஷினை யாராவது இலவசமாகக் கொடுக்க முன்வந்தாலும் இதே கேள்விகள்தான், கூடவே மென்பொருள் உரிமம் கைமாறுமா என்பதும்.

படி 4: காகித வேலை

சலிப்பான பகுதி, ஆனால் நம்பிக்கை இங்கேதான் உருவாகிறது. மருத்துவமனையிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும்: இந்தக் கருவி எங்களுக்குத் தேவை, இன்ன அறையில் வைப்போம், இன்னார் இயக்குவார், எங்கள் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுவோம். அரசு மருத்துவமனை என்றால் மேலிட ஒப்புதலுக்கு நாளாகும், அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

பணத்தைத் தனி ஆளின் கணக்கில் வாங்காதீர்கள். மருத்துவமனைக்கென்றே நன்கொடைக் கணக்கு இருந்தால் அதில் நேரே போகட்டும். இல்லையென்றால் பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் பெயரில் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. உங்கள் நாட்டில் நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா, வெளிநாட்டுப் பணம் வாங்கத் தனி அனுமதி வேண்டுமா என்று கணக்காளரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். இலக்கை எட்டாவிட்டால் பணம் என்ன ஆகும், மிஞ்சினால் எங்கே போகும் என்பதையும் வேண்டுகோளிலேயே எழுதிவிட வேண்டும்.

படி 5: வேண்டுகோளை எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். என்ன கருவி, இப்போது அது இல்லாததால் நோயாளி என்ன செய்கிறார், வந்தால் என்ன மாறும், மொத்தச் செலவு எவ்வளவு, எப்போது வாங்குவோம். "மாதம் இத்தனை பேரை வெளியே அனுப்புகிறோம்" என்று மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்தே ஒரு எண் கிடைத்தால் அதைவிடப் பலமான வரி வேறு இல்லை.

நோயாளியின் படம், பெயர், கதை எதையும் அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். பார்வை சரியாகத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். பரிதாபம் வரவைக்கும் படங்கள் வேண்டாமே. சிகிச்சைக்கு வரும் மனிதர் அவர், மரியாதையோடு காட்டினாலே கொடுப்பவர் கொடுப்பார். "பார்வையை மீட்டுத் தருவோம்" என்ற வாக்குறுதியும் வேண்டாம். ஓசிடி யாருக்கும் பார்வை தராது, பார்வை போவதை முன்கூட்டிக் காட்டும். அப்படியே எழுதுங்கள்.

படி 6: யாரிடம் முதலில் கேட்பது

எடுத்த எடுப்பில் இணையத்தில் வேண்டுகோளைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். இலக்கை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடமிருந்து 20, இரண்டு பேரிடமிருந்து பத்துப் பத்து, ஐந்து பேரிடமிருந்து நாலு நாலு, ஆக எட்டுப் பேரிடம் 60 வந்துவிடுகிறது. மீதி 40-ஐத்தான் பொதுமக்களிடம் கேட்கப் போகிறீர்கள். அந்த எட்டுப் பேரை நேரில் பார்த்து, முடிந்தால் கண் பிரிவுக்கே அழைத்துப் போய்க் காட்டி, பெரிய தொகைகள் உறுதியான பிறகு பொதுவில் அறிவியுங்கள். பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் சிறு தொகை கொடுப்பவருக்கும் இது நடக்கும் என்ற தைரியம் வரும்.

யார் அந்த எட்டுப் பேர்? அங்கே சிகிச்சை பெற்றுக் குணமானவர்களின் குடும்பம், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. லயன்ஸ் சங்கத்தினருக்குக் கண் நலத்தில் நீண்ட பாரம்பரியம் உண்டு, 1925-இல் லயன்ஸ் மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் விடுத்த அழைப்பிலிருந்து தொடங்கியது, அதனால் அவர்களிடம் கண் சிகிச்சையின் அவசியத்தை முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது. நிறுவனங்களின் நிதி ஆண்டுக் கணக்கில் ஒதுக்கப்படுவது, எப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். கருவி விற்கும் நிறுவனமே நன்கொடை தர வந்தால் வாங்கலாம், ஆனால் எந்த மாடல் என்ற முடிவு அதற்கு முன்பே எழுத்தில் இருக்கட்டும்.

கேட்கக் கூச்சமாக இருக்கும், சரி. தொகையைச் சொல்லியே கேளுங்கள். "ஏதாவது உதவுங்கள்" என்றால் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு என்று யோசிப்பதே பாரமாகிவிடும். இல்லை என்று சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டு, வேறு யாரைப் பார்க்கலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

படி 7: வாங்குவதும் அதற்குப் பிறகும்

முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்டர் போடும்போது ஒரு பங்கு, வந்து சேர்ந்ததும் ஒரு பங்கு, பொருத்தி, பயிற்சி கொடுத்து, கண் மருத்துவர் "சரியாக ஓடுகிறது" என்று கையெழுத்திட்ட பிறகு கடைசிப் பங்கு. பயிற்சி இரண்டு பேருக்காவது வேண்டும். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள், பெட்டி இறங்கிய நாளா பொருத்திய நாளா என்பதில் சில மாத வித்தியாசம் வந்துவிடலாம்.

திறப்பு விழாவோடு உங்கள் வேலை முடிவதில்லை. மூன்றாவது மாதமும் முதல் ஆண்டு முடிவிலும் எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, எத்தனை நாள் கருவி ஓடவில்லை என்று கேட்டு வாங்கி, கணக்கோடு சேர்த்து நன்கொடை கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள், சிறு தொகை கொடுத்தவருக்கும். பழுதாகி நின்ற நாட்களையும் மறைக்காமல் எழுதுங்கள். வாரண்டி முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே போனில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொண்டு, பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டதா என்று மருத்துவமனைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.