கொய்யாப் பொடி ஏன் கல்லாகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரில் கார் நிறுத்திக் கொய்யா வாங்கினால், நறுக்கிய துண்டுகளோடு ஒரு சின்னப் பொட்டலம் ‘அசாம் போய்’ (உப்பிட்டுக் காயவைத்த பிளம் பழம்) பொடியும் கொடுப்பார்கள். உப்பும் புளிப்பும் இனிப்புமாக, கைக்கு ஒட்டாமல் உதிரும். அதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே கொய்யாப் பொடி, மாம்பழப் பொடி, வாழைப் பொடி செய்ய இறங்கியவர்கள் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நாலைந்து பேர். எல்லார் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். அரைத்த அன்று பொடி, மூன்றாம் நாள் கட்டி, ஒரு வாரத்தில் கல்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். ஒரு துளி விழவில்லை.

“மிக்சி பிளேடு மொட்டையாயிடுச்சு போலக்கா.”

பிளேடு நன்றாகத்தான் இருந்தது. அரைப்பதற்கு நாலு நாள் முன்பே காரியம் கெட்டுப்போயிருந்தது. அவள் பார்த்த வீடியோ தமிழ்நாட்டில் எடுத்தது. மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து அரைக்கச் சொல்லியிருந்தார்கள். மதுரை வெயிலுக்கு அது சரி. இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல், பல நாள் மூன்று மணிக்கு வானம் இருட்டிவிடும். பகலில் போன ஈரத்தைப் பழம் இரவில் திரும்ப இழுத்துக்கொள்ளும். நாலாம் நாள் ஓரத்தில் பூஞ்சை எட்டிப் பார்க்கும். வெயிலில் ஒரு நாள் வைப்பதில் தப்பில்லை. ஆனால் கடைசிக் காய்ச்சலை ‘அவன்’ (oven) அடுப்பிலோ, பழம் உலர்த்தும் மின்கருவியான டிஹைட்ரேட்டரிலோ முடித்தாக வேண்டும்.

அவன் என்றதும் அவசரப்பட்டு 100 டிகிரியில் வைக்கிறார்கள். அப்போது மேல்தோல் சட்டென்று இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழியிருக்காது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உடைத்தால் நடுவில் பிசுபிசுப்பு. தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகைக்கூடத்தில் நாள் கணக்கில் மிதமான சூட்டில் தொங்கவிட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சூட்டைக் கூட்டினால் ஷீட் கொப்புளம் போட்டுவிடும். பழத்துக்கு 55 முதல் 60 டிகிரி போதும். துண்டு மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, எல்லாம் ஒரே கனமாகவும் இருக்க வேண்டும். அவன் கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வையுங்கள். ஈரக்காற்று வெளியே போகாவிட்டால் பழம் காயாது, வேகும்.

காய்ந்ததா என்று சூடாக இருக்கும்போதே அழுத்திப் பார்ப்பது இன்னொரு தப்பு. சூட்டில் சர்க்கரை இளகியிருக்கும், எதையும் நம்ப முடியாது. ஆறவிட்டு ஒடித்துப் பாருங்கள், அப்பளம் மாதிரிப் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் மறுபடி அவனுக்குள். முறிந்ததையும் நான் உடனே அரைப்பதில்லை. கண்ணாடிப் போத்தலில் முக்கால் அளவு நிரப்பி மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குவேன். உள்பக்கம் பனித்தால் காய்ச்சல் போதவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு வாரத்துக்குப் பொறுமையில்லாமல்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

எந்தப் பழத்தை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். நன்றாகப் பழுத்த மாம்பழம், பலா, பலா இனத்துச் செம்படாக் எல்லாம் சர்க்கரை மூட்டை. பழச்சர்க்கரைகளில் ஒன்றான ஃபிரக்டோஸ், துளி ஈரமில்லாமல் கண்ணாடி போல இறுகியிருந்தாலும் சுமார் 5 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். குளுக்கோஸுக்கு 31, வெள்ளைச் சர்க்கரைக்கு 62 டிகிரி. நம் அடுப்படியே 30 டிகிரி இருக்கும்போது மாம்பழப் பொடி ஒட்டாமல் என்ன செய்யும்? தொழிற்சாலைகளில் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடியைக் கலந்து சமாளிக்கிறார்கள். நான் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு நன்றாக வறுத்த அரிசி மாவு சேர்க்கிறேன். ருசி கொஞ்சம் மட்டுப்படும், ஆனால் பொடி ஓடும். முதல்முறை செய்கிறவர்களுக்கு என் யோசனை வாழைக்காய். காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, சர்க்கரை குறைவு. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கியெடுத்தால் அவ்வளவாகக் கறுக்காது.

கடையில் வாங்கும் உலர்திராட்சை, பேரீச்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய மாம்பழத் துண்டு இதையெல்லாம் அப்படியே மிக்சியில் போடாதீர்கள். உலர்திராட்சையிலேயே 15 சதவீதம் போல ஈரம் இருக்கிறது. கிடைப்பது உருண்டை பிடிக்கிற பசைதான்.

கொய்யா என்றால் நடுவிலுள்ள விதைப் பகுதியை வழித்தெடுத்துவிட வேண்டும். அந்த விதையை எத்தனை சுற்று விட்டாலும் பல்லில் மணலாகத்தான் நெருடும். அசாம் போயை வீட்டில் பொடிக்கிறவர்கள் கொட்டையோடு போட்டுப் பிளேடை உடைத்ததும் உண்டு. கொட்டையை நீக்கி, சதையைத் திரும்பக் காயவைத்துத்தான் அரைக்க வேண்டும். அசாம் கெப்பிங் (குழம்புக்குப் போடும் காய்ந்த புளிப்புப் பழத் துண்டு) கடும் புளிப்பு, அதை அலுமினியத் தட்டில் பரப்பக் கூடாது.

இனி மிக்சி. தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடேறி, பொடி பிளேடைச் சுற்றி அப்பிக்கொள்ளும். ஐந்து விநாடி ஓட்டம், பிறகு நிறுத்தம், கொஞ்சம் கொஞ்சமாக. ஜார் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும். பழத்தை ஃபிரீசரில் வைத்து அரைத்தால் மைய வரும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. குளிர்ந்த பழத்தை நம் ஊர்க் காற்றில் திறந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளர் போல அதுவும் வியர்க்கும். வெளியே எடுத்ததும் தாமதிக்காமல் ஜாருக்குள் போட்டு அரைத்து, ஜார் சாதாரண சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் இருக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

மைய வேண்டும் என்பதற்காக மேலும் மேலும் அரைப்பதைவிட, சன்னக் கண் சல்லடையில் சலித்து, தங்கியதை மட்டும் திரும்ப அரைப்பதே வழி. மழை பெய்கிற சாயங்காலத்தில் சலிக்க உட்காராதீர்கள். பொடிக்குக் காற்று படும் பரப்பு அதிகம், சலித்து முடிப்பதற்குள்ளேயே ஈரம் குடித்துவிடும். நான் ஏர்கோன் போட்ட அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சலிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பிறகு தட்டில் பரப்பி 50 டிகிரியில் அரை மணி நேரம், ஆறியதும் போத்தல்.

பெரிய போத்தல் ஒன்றைவிடச் சின்னப் போத்தல் நாலு நல்லது. திறக்கும்போதெல்லாம் மொத்தமும் கெடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இல்லையென்றால் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போடலாம். கொதிக்கிற சட்டிக்கு மேலே போத்தலைக் கவிழ்க்காதீர்கள், ஆவி நேராக உள்ளே போகும். கட்டி தட்டிய பொடி கெட்ட பொடி ஆகாது, திரும்பக் காயவைத்து உடைத்துக்கொள்ளலாம். ஆனால் புள்ளி பூத்திருந்தாலோ மக்கிய வாடை வந்தாலோ, மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற வேலை வேண்டாம். பூஞ்சை விடுகிற நஞ்சு சில, சமைத்தாலும் போகாது.

தங்கச்சி போன மாதம் மறுபடி செய்தாள். போத்தலைச் சாய்த்ததும் மணலாக ஓடியது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்க வைக்கலாமா என்று கேட்டாள். ஒரு கிலோ கொய்யாவில் விதையும் தண்ணீரும் போக நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும். பழம், கரண்ட், போத்தல் எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“வீட்டுக்கே வெச்சுக்கிறேன்கா.”