ஷார்ட் பெட் டிரக்குக்கு ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்அப் டிரக்கின் பின்தொட்டிக்குள் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை வாங்குகிற பலர், அதை மாட்டும் இணைப்பான ஹிட்சைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது அதன் இழுதிறனைத்தான். 16,000 பவுண்டா, 20,000 பவுண்டா? எண் பெரிதாக இருந்தால் பத்திரம் என்று நம்பிப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். எட்டடித் தொட்டி உள்ள டிரக்குக்கு இந்தக் கணக்கு ஓரளவு போதும். ‘ஷார்ட் பெட்’ எனப்படும், ஐந்தரை முதல் ஆறேமுக்கால் அடி வரை நீளமுள்ள குட்டைத் தொட்டி டிரக்குக்கு அது போதவே போதாது. அங்கே ஆபத்து பெரும்பாலும் இழுக்கும்போது வருவதில்லை, திரும்பும்போது வருகிறது.

ஹிட்ச் பின் அச்சுக்கு நேர் மேலேயோ ஓரிரு அங்குலம் முன்னாலோ உட்கார வேண்டும். அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் சுமை டிரக்கின் வாலை அழுத்தி, முன் சக்கரங்களின் பிடிப்பைக் குறைக்கும். தொட்டி குட்டையாகும்போது அச்சுக்கும் கேபினின் பின்சுவருக்கும் இடையிலான தூரமும் சுருங்கிவிடுகிறது. டிரெய்லரின் அகலமோ பொதுவாக 96 முதல் 102 அங்குலம். செங்கோணமாகத் திரும்பினால் அதில் பாதி, அதாவது 48 முதல் 51 அங்குலம் வரை, கேபினை நோக்கி வருகிறது. ஹிட்சின் மையத்திலிருந்து கேபின் வரை 40 அங்குலம்தான் இருக்கிறது என்றால், மீதி எங்கே போகும்? பின்கண்ணாடி உடைவதும் கேபினின் மூலை நசுங்குவதும் இப்படித்தான். நெடுஞ்சாலை வேகத்தில் இது நேர்வதில்லை. முகாம் தளத்தில் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்தும்போது, நடை வேகத்தில் நேர்கிறது.

செங்கோணத்தில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடைவது இதைவிட நுட்பமான தவறு. 96 அங்குல அகலமும் சதுரமான மூக்கும் கொண்ட டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்சில் மாட்டும் ‘கிங்பின்’ என்ற ஆணியைத் தாண்டி மூக்கு 14 அங்குலம் முன்னே நீண்டிருந்தால், கிங்பின்னிலிருந்து அதன் மூலை 48 அல்ல, 50 அங்குலத்தில் இருக்கும். அந்த மூலை கேபினை நோக்கி மிக அதிகமாக நீள்வதும் 90 டிகிரியில் அல்ல, அதற்கு முன்பே, ஏறத்தாழ 74 டிகிரியில். எனவே கிங்பின்னிலிருந்து மூலை வரை குறுக்காக அளந்து, அதே நீளத்துக்கு ஒரு கோலை வெட்டுங்கள். ஹிட்ச் வரவிருக்கும் இடத்தில் அதன் ஒரு முனையை வைத்து மறுமுனையைச் சுழற்றிப் பாருங்கள். எந்தக் கடைக்காரரின் வாக்குறுதியைவிடவும் அந்தக் கோலை நான் நம்புவேன். ‘புது டிரெய்லர்களின் மூலைகள் வளைத்து வெட்டப்பட்டவை, எந்த ஹிட்சும் போதும்’ என்று சொல்வார்கள். சில டிரெய்லர்களுக்கு அது உண்மைதான். ஆனால் டிரக்கின் கேபினும் தொட்டியும் மாடலுக்கு மாடல் மாறுகின்றனவே!

இடம் போதாதவர்களுக்காகவே நகரும் ஹிட்ச் இருக்கிறது. கையால் இயக்கும் வகை மலிவு. டிரக்கை நிறுத்தி, பூட்டை விடுவித்து, டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை மெல்ல முன்னே நகர்த்தினால் ஹிட்ச் சுமார் 10 அங்குலம் பின்னே போகும். வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். பின்தள்ளிய நிலையிலேயே சாலையில் ஓட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் நினைவாக இதைச் செய்வோம் என்று நம்பி வாங்குவதுதான் பிழை. பெட்ரோல் நிலையத்தின் குறுகிய வளைவு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவதில்லை. புல்ரைட் சூப்பர்கிளைடு போன்ற தானியங்கி வகை, திரும்பும்போது தானே பின்னே நகர்ந்து, நேரானதும் தானே திரும்பிவிடும். விலையும் எடையும் கூடுதல்தான், ஆனாலும் அடிக்கடி பயணம் போகும் குடும்பத்துக்கு நான் இதையே சொல்வேன். ஒரு நிபந்தனை உண்டு. கிங்பின் ஹிட்சுக்குள் சுழலாமல் பிடித்துவைக்கும் தகட்டை, உங்கள் டிரெய்லரில் கிங்பின்னைத் தாங்கும் ‘பின் பாக்ஸ்’ என்ற பெட்டிக்கு ஏற்றதாகத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். திரும்பும் புள்ளியையே பின்னுக்குத் தள்ளும் சைட்விண்டர் வகை ‘பின் பாக்ஸ்’ ஏற்கெனவே இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது.

எடைக் கணக்கில்தான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும். 12,000 பவுண்டு டிரெய்லருக்கு 20 சதவீதம் என்று வைத்தால் 2,400 பவுண்டு. ஹிட்சுக்கு 200, நான்கு பேருக்கு 600 என்று சேர்த்தால் 3,200 ஆகிறது. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் அந்த டிரக் சுமக்கக்கூடிய எடை எழுதியிருக்கும். ‘முக்கால் டன்’ வகை டீசல் டிரக்குகள் பலவற்றில் அது 3,000-ஐத் தொடுவதே இல்லை, அதைவிடச் சிறிய ‘அரை டன்’ வகையில் இன்னும் குறைவு. விளம்பர ஏட்டில் உள்ள கிங்பின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது தண்ணீரும் சாமானும் ஏற்றாத காலி டிரெய்லரின் எடை.

ஹிட்சின் எடையைக் குறைக்க நினைத்து, கிங்பின்னில் நீண்ட கழுத்து ஒன்றைப் பொருத்தித் தொட்டித் தரையில் உள்ள ‘கூஸ்நெக்’ என்ற உருண்டை இணைப்பில் மாட்டுபவர்கள் உண்டு. கழுத்து நீள நீள, நெம்புகோல் போல டிரெய்லரின் அடிச்சட்டத்தின் (ஃபிரேம்) மேல் விசை கூடும். இதற்காகவே உத்தரவாதத்தை மறுக்கும் ஃபிரேம் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். எழுத்து வடிவில் அனுமதி பெறாமல் இதைத் தொடாதீர்கள்.

தொட்டியில் தொழிற்சாலையிலேயே அமைத்த பொருத்துதுளைகள் இருந்தால் துளையிடும் வேலை மிச்சம். ஆனால் ஃபோர்டு, ராம், ஜிஎம் டிரக்குகளில் இந்த அமைப்பு வேறுபடும், ஆண்டையும் மாடலையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், அதே சமயம் தொட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் நடுவே சுமார் 6 அங்குலம் இடைவெளி வேண்டும். சமதளத்தில் தாராளமாகத் தெரியும் இடைவெளி, ஒரு பக்கம் சாய்ந்த பாதையில் சட்டென்று குறையும். பொருத்திய அன்றே காலியான வாகன நிறுத்துமிடத்துக்குப் போய், ஒருவரை வெளியே நிற்கவைத்து, இரு பக்கமும் அங்குலம் அங்குலமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு சற்றே சரிவான இடத்திலும் அதையே செய்யுங்கள்.