நியூட்டனைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

பள்ளியில் 'விசை = நிறை × முடுக்கம்' என்று மனப்பாடம் செய்தவர், அது பிறந்த இடத்தைப் பார்த்துவிடலாம் என்று நியூட்டனின் தலையாய நூலான பிரின்சிப்பியாவைத் திறந்தால் ஏமாந்துதான் போவார். அந்தச் சமன்பாடு அதில் இல்லை.

இரண்டாம் விதியாக அங்கே இருப்பது வெறும் வாக்கியம். இயக்கத்தில் வரும் மாற்றம் செலுத்தப்படும் விசைக்கு நேர்த்தகவில் இருக்கும், விசை செயல்படும் நேர்கோட்டிலேயே நிகழும் என்கிறது அது. 'இயக்கம்' என்ற சொல்லை நகர்வது என்று எடுத்துக்கொண்டால் கதை கெட்டது. நூலின் தொடக்கத்திலேயே வரையறை தந்துவிடுகிறார்: பொருளின் அளவும் வேகமும் சேர்ந்ததே இயக்கத்தின் அளவு. அதாவது நம் பாடநூலின் உந்தம். அந்த மாற்றம் எவ்வளவு நேரத்தில் நடக்கிறது என்ற பேச்சே விதியில் கிடையாது. முதல் புத்தகத்தின் முதல் தேற்றத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நேராகப் போகும் பொருளுக்குச் சம இடைவெளிகளில் மையத்தை நோக்கி ஒரு தட்டு, இன்னொரு தட்டு என்று கொடுத்துக்கொண்டே போகிறார். பாதை பலகோணமாக மடிகிறது. தட்டுகளின் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால் பலகோணம் வளைகோடாகிவிடும். கோள்கள் சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும் என்ற கெப்ளர் விதி இப்படித்தான் அங்கே வந்து விழுகிறது. படம் வரைந்து பார்த்தால் அரை மணி நேர வேலை, ஆனால் அழகான வேலை. விசையை முடுக்கத்தோடு சேர்த்துச் சமன்பாடாக எழுதி எல்லாவற்றுக்கும் அடிப்படையாக்கியது பின்னால் வந்த கணிதவியலாளர் ஆய்லர்.

நுண்கணித (கால்குலஸ்) குறியீடுகளைத் தேடுவதும் இதே வகைத் தவறுதான். நூல் முழுக்க வடிவியல். ஒரு மதிப்பை நெருங்கிக்கொண்டே போகும் 'எல்லை' என்ற எண்ணம் உள்ளே ஓடுகிறது, ஆனால் முக்கோணங்களுக்கும் விகிதங்களுக்கும் அடியில். நுண்கணிதத்துக்கென்றே அவர் 1671 வாக்கில் எழுதிய நூல், அவர் இறந்து 9 ஆண்டுகள் கழித்து, 1736இல்தான் அச்சேறியது. எழுதிய ஆண்டையும் அச்சான ஆண்டையும் குழப்பிக்கொண்டால் நுண்கணிதத்தை முதலில் கண்டது யார் என்று ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸோடு நடந்த சண்டை தலைகீழாகத் தெரியும்.

அப்புறம், பதிப்பு. பிரின்சிப்பியா அவர் வாழ்நாளில் மூன்று முறை வந்தது: 1687, 1713, 1726. 'கருதுகோள் எதையும் நான் புனைவதில்லை' என்ற புகழ்பெற்ற வரி இரண்டாம் பதிப்பில் சேர்த்த பின்னுரையில்தான் வருகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆண்ட்ரூ மோட் என்பவரின் 1729 ஆங்கில மொழிபெயர்ப்போ மூன்றாம் பதிப்பிலிருந்து செய்தது. அதைப் படித்துவிட்டு '1687இலேயே நியூட்டன் சொன்னார்' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வரியும் ஈர்ப்புக்கு என்ன காரணம் என்ற கேள்வியை ஒட்டி வருவது. நியூட்டன் ஊகமே செய்யாதவர் என்று அதை வைத்து முடிவு கட்டினால், 1704இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய ஒளியியல் நூலான ஆப்டிக்ஸின் கடைசிப் பகுதி சிரிக்கும். கேள்வி என்ற பெயரில் ஒளி, வெப்பம், பொருள்களின் இயல்பு என்று ஊகங்களாக அடுக்கியிருக்கிறார்.

மேற்கோள்களிலும் கவனம் வேண்டும். 'பூதங்களின் தோள்மேல் நின்றேன்' என்ற உவமை அவருடையதல்ல, 12ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது. அவர் அதைச் சக விஞ்ஞானி ராபர்ட் ஹூக்குக்கு எழுதிய கடிதத்தில் எடுத்தாண்டார். அந்தக் கடிதத்துக்கு 1675 என்றும் 1676 என்றும் இரண்டு ஆண்டுகள் போடுவார்கள், இரண்டும் சரி. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25, கடிதம் எழுதியது பிப்ரவரியில்.

நியூட்டனின் ரசவாதக் குறிப்புகளையும் இறையியலையும் கிழவரின் கிறுக்கு என்று ஒதுக்க வேண்டாம். ரசவாத உலை எரிந்துகொண்டிருந்த கேம்பிரிட்ஜ் நாட்களில்தான் பிரின்சிப்பியாவும் எழுதப்பட்டது.

கடைசியாக, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்து நடுவில் மூச்சுத் திணறுவது. நியூட்டனே அதைக் கேட்கவில்லை. மூன்றாம் புத்தகத்தின் முன்னுரையில் வழி சொல்கிறார்: வரையறைகள், இயக்க விதிகள், முதல் புத்தகத்தின் முதல் மூன்று பிரிவுகள் ஆகியவற்றைக் கவனமாகப் படித்தால் போதும், நேரே மூன்றாம் புத்தகத்துக்கு வரலாம். மற்றவற்றைத் தேவைப்படும்போது திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.