கடற்கரை ஊரில் பழைய ராணுவ ஜீப்பை நிறுத்தி வைக்க

கடலூர், புதுச்சேரி பக்கம் தோட்டத்தில் ஜோங்காவோ (ராணுவம் ஓட்டிய பழைய ஜீப் மாதிரி வண்டி) பழைய ராணுவ ஜீப்போ வைத்திருந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஒருமுறை குனிந்து பாருங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

சேசிஸின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அந்த ஓட்டைகள் வழியாகவே துருத் தடுப்பு ஆயிலை உள்ளே அடியுங்கள். பிரேக்கிலும் ரப்பரிலும் படக்கூடாது.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் அடைபட்டு, மழையில் நனைவதைவிட மோசமாக அரிக்கும். சிமென்ட் தரை, மேலே கூரை, கடல் காற்று வரும் கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு தடுப்பு, இது போதும். மண் தரையில் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

பல மாதம் ஓட்டப்போவதில்லையா? டேங்க், கார்புரேட்டர் இரண்டிலும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். டீசல் வண்டிக்கு நேர்மாறு: டேங்கை முழுசாக நிரப்பி வையுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.