பவளப் பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பட்டன் பட்டனாக விரியும் பாலித்தோவா, சோவாந்தஸ் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கும். ஹவாயில் எடுத்த பாலித்தோவாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்த விவரம் 1971-இல் வெளியானது. எதில் நஞ்சு உண்டு என்று பார்வையால் சொல்லவே முடியாது. அதனால் எல்லாமே நஞ்சுள்ளவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்குள் இருக்கும் பாறையில் இந்தப் பவளங்கள் களை மாதிரி பரவிவிட்டால் பலர் வெந்நீர் ஊற்றுகிறார்கள், இல்லை கொதிக்க வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் இந்த நஞ்சு அழிவதில்லை. ஆவியோடு கிளம்பி மூச்சுக்குள் போகிறது. இப்படிக் குடும்பமே மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. காய்ந்த பாறையை பிரஷ்ஷால் தேய்ப்பதும், தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் ஆபத்துதான்.

சரி, என்ன செய்யலாம்? கையுறை, கண் கவசம் போட்டுக்கொண்டு பாறையைத் தொட்டியிலிருந்து எடுத்து, காற்றோட்டமான வெளியிடத்தில் தனி வாளியில் ப்ளீச் கரைசலில் மூழ்க வையுங்கள். 1 பங்கு வீட்டு ப்ளீச், 9 பங்கு தண்ணீர், குறைந்தது 30 நிமிடம். கத்தி, கையுறைக்கும் அதே கரைசல். கையில் காயம் இருந்தால் அன்று தொடவே வேண்டாம்.

வாயில் உலோகச் சுவை, இருமல், காய்ச்சல், கண்வலி வந்தால் எல்லோரும் உடனே வெளியேறி மருத்துவமனைக்குப் போங்கள். மாற்று மருந்து கிடையாது. ‘பாலிடாக்சின்’ என்ற பெயரை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.