ஸ்பிரிங்க்ளர் குழாயில் காற்றடிக்க எந்த கம்ப்ரசர்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வீட்டு அஸ்திவாரத்தை 42 முதல் 60 அங்குல ஆழம்வரை இறக்கச் சொல்கிறது கட்டட விதி. குளிர்காலத்தில் மண் அவ்வளவு தூரம் உறையும். புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாயோ பெரும்பாலும் ஓரடிக்குள்தான் கிடக்கிறது. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிவடையும். குழாயில் தேங்கியிருந்தால் பிளந்துவிடும். அதனால்தான் அக்டோபரில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றுகிறோம்.

முதல் வருடம் கையிலிருந்த, 6 காலன் டேங்க் கொண்ட கம்ப்ரசரையே மாட்டினேன். 150 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) என்று எழுதியிருந்ததால் தாராளம் என்று நம்பிவிட்டேன். வசந்தத்தில் தண்ணீரைத் திறந்தபோது புல்தரையில் இரண்டு இடத்தில் ஊற்றெடுத்தது.

பார்க்க வேண்டியது சி.எஃப்.எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்பது. முதல் தெளிப்புத் தலையில் தண்ணீர் தீர்ந்ததுமே காற்று அந்த வழியாக ஓடத் தொடங்கிவிடும். பின்னாலிருந்து போதுமான காற்று வராவிட்டால், தாழ்வான இடத்தில் கிடக்கும் தண்ணீர் அசையாது.

முதலில் உங்கள் தேவையைக் கணக்கிடுங்கள். பெரிய ஜோனை (ஒரே வால்வில் ஓடும் தலைகளின் தொகுதி) மட்டும் ஓடவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை காலன் போகிறது என்று வாட்டர் மீட்டரில் பாருங்கள். 15 காலன் என்று வையுங்கள். ஒரு கன அடி சுமார் 7.5 காலன், அதனால் 7.5-ஆல் வகுத்தால் 2 கன அடி. ஆனால் குழாயில் காற்று 50 பி.எஸ்.ஐ-யில் நசுங்கியிருக்கும், அதனால் 4.4-ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 9 சி.எஃப்.எம் வருகிறது. வீட்டுக்கு 10 சி.எஃப்.எம் வேண்டும் என்று பலரும் சொல்வது இதனால்தான்.

அடுத்து கடையில் லேபிளைப் படியுங்கள். 90 பி.எஸ்.ஐ-க்கு எதிரே உள்ள சி.எஃப்.எம்தான் நமக்கு வேண்டும். 6 காலன் கம்ப்ரசர்களில் பெரும்பாலும் அது 3-ஐக்கூடத் தொடாது. சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும் பெரிய கம்ப்ரசரும் 5, 6-ஐத் தாண்டுவது அரிது.

குறைவதை டேங்க் ஈடுகட்டும். 20 காலன் டேங்க் 120 பி.எஸ்.ஐ-யிலிருந்து 50-க்கு இறங்குவதற்குள் 12 கன அடிக்கு மேல் காற்று தரும். 6 காலன் டேங்க் 150-லிருந்து இறங்கினாலும் 5 சொச்சம்தான். ஆகவே சொந்தமாக வாங்குவதானால் 20 காலனுக்குக் குறையாமல், 5 சி.எஃப்.எம் உள்ளதாக வாங்குங்கள். ஒவ்வொரு ஜோனுக்கும் முன் டேங்க் நிரம்பும்வரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வருடத்தில் ஒரு நாள் வேலைக்காக 240 வோல்ட் மெஷின் வாங்குவது வீண் செலவு. தோட்டம் பெரிதென்றால் பக்கத்து வீட்டுக்காரரோடு பங்குபோட்டு வாடகைக்கு எடுங்கள். டிரெய்லரில் வருவது 185 சி.எஃப்.எம் தள்ளும், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். வளையும் கறுப்புக் குழாய்க்கு 50 பி.எஸ்.ஐ, பி.வி.சி குழாய்க்கு 80. அதற்கு மேல் ஏற்றக் கூடாது.

அடிக்கும் அன்று கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மெயின் வால்வை மூடுங்கள். குழாய்த் தண்ணீர் வீட்டுக் குடிநீருக்குத் திரும்பாமல் தடுக்கும் பேக்ஃப்ளோ கருவிக்கு அடுத்துள்ள இணைப்பில்தான் ஹோஸை மாட்ட வேண்டும். காற்று அந்தக் கருவிக்குள் போனால் அது கெட்டுவிடும். ஒரு ஜோனைத் திறந்த பிறகே காற்றைத் திறங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெறும் காற்று ஓடினால் தலைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கியர் சூடேறிப் பாழாகும். எல்லா ஜோனும் முடிந்ததும் இன்னொரு சுற்று.

கம்ப்ரசர் டேங்கிலும் தண்ணீர் சேர்ந்திருக்கும். அடியிலுள்ள வால்வைத் திறந்து அதையும் வடித்துவிட்டு கராஜில் வையுங்கள்.